மூடலையே

அத்தியாயம் ஐந்து

சாம்பலில் ஆணி இல்லை.

மெஹபூப் பாஷா மூன்றாவது தடவையாகச் சல்லடையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தான். மீசை, புருவம், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளை.

"மேடம், இன்னொரு தபா சலிச்சேன்னா நெத்தில பூசிக்கினு நேரா கோயில் வாசல்ல குந்திடுவேன். ஆணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இது ஐயங்கார் வீடு. இங்கே சாம்பல் பூசினா செல்லாது. நல்லாப் பாத்தியா?"

"என் பொண்ணுக்கு மாப்ள பாக்கறதுக்குக்கூட இப்டிப் பாக்கல."

சூடாமணி சிரிக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்க் குரல்களைக் கேட்டவள். வேலையை விட்டபின் தேனாம்பேட்டையில் ஓர் அச்சகத்து மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். பாஷா கீழே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். முதல் கேசுக்கு வாடகைக்கு வந்தவன், அப்புறம் போகவே இல்லை.

"வடபழனி சினிமா செட்டு உடைச்ச கட்டைன்னா ஆணி இல்லாம இருக்குமா, பாஷா?"

"எப்டி இருக்கும்? அரண்மனை கட்றதே ஆணிலதானே. ஒரு தூணுக்கு ஒரு கிலோ அடிப்பானுங்க."

"அப்போ இந்த பாய்லர்ல செட்டுக் கட்டை எரியவே இல்லை. இனாயத் போலீஸ்ல சொன்னது பொய்."

பாஷா சல்லடையைக் கீழே வைத்தான். "குத்தம் செஞ்சவன் செய்யலன்னு பொய் சொல்வான். செய்யாதவன் செஞ்சேன்னு பொய் சொல்வானா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இருவரும் அந்தக் காலை வேளையில் மயிலாப்பூரில், முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டின் குளியலறையில் நின்றிருந்தார்கள். விஷயம் இவ்வளவுதான். இருபது நாளுக்கு முன், மார்கழி ஏகாதசி அன்று, இந்தக் குளியலறைக்குள் போன ஜானு மாமி உயிரோடு வெளியே வரவில்லை. விஷக் காற்று என்றார் டாக்டர். விறகு சப்ளை செய்த இனாயத் தானாகப் போலீசில் போய், பெயிண்ட் அடித்த செட்டுக் கட்டையைக் கலந்து கொடுத்துவிட்டேன், அந்தப் புகைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது ஜாமீனில் இருக்கிறான்; வரும் திங்கட்கிழமை அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

சூடாமணியை வரவழைத்தது யார் தெரியுமா? ஜானு மாமியின் கணவர் ஸ்ரீவத்சன்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், குற்றத்தை ஒப்புக்கொண்டவனைக் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

சூடாமணி பாய்லரின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இடுப்பு உயரத்துக்குச் செப்புப் பாய்லர். நடுவில் நெருப்புக் குழல், அதைச் சுற்றித் தண்ணீர். அடியில் சாம்பல் விழுகிற வாய். குழலின் தலையில் ஒரு தகரக் குழாய் செருகியிருந்தது. அது வளைந்து, சுவரிலிருந்த ஓட்டைக்குள் லேசாக நுழைந்திருந்தது; இழுத்தால் கழன்று வரும். புகை போகிற வழி. பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சாத்தியிருந்தது.

கதவின் உள்பக்கம் ஒரு நோட்டுத் தாள் ஒட்டியிருந்தது. மாமியின் குண்டு குண்டு எழுத்து.

'காஞ்ச சவுக்கு மட்டும் போடணும். வெள்ளிக்கிழமை தோறும் குழாயைக் கழட்டித் தட்டிக் கரி எடுக்கணும். சாம்பல் வாயை அடைக்கப்படாது.' நாலாவது வரி வெந்நீர் தெறித்துக் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. முதல் வார்த்தை மட்டும் மிச்சம். 'கங்கு.'

"நாலாவது வரி மட்டும் ஏன் மேடம் அழிஞ்சிது?"

"கீழே இருக்கு. தண்ணி அங்கேதான் தெறிக்கும். எடுத்த உடனே சந்தேகப்படாதே."

"சந்தேகப்படறதுக்குத்தானே நமக்குத் துட்டு."

சூடாமணி எழுந்து சுவரைப் பார்த்தாள். பாய்லரின் வலப்பக்கம், முழங்கை உயரத்தில், சுண்ணாம்பின் மேல் கரியில் ஒரு வட்டம். தட்டு அளவு. யாரோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முத்திரை குத்திய மாதிரி. அதற்கு மேல் ஆணியில் ஒரு கரித்துணி. விரித்தாள். இரண்டு இடத்தில் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு முழம்.

"இது வாராவாரம் குழாயைக் கழட்டிச் சாய்ச்ச அடையாளம் இல்லை, பாஷா. தினமும்."

வாசலில் செருமல் கேட்டது. ஸ்ரீவத்சன் இரண்டு டபராவோடு நின்றார். சர்வே ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபத்தெட்டு வயது. இருபது நாளில் சட்டை இரண்டு சுற்று பெரிதாகிவிட்டிருந்தது. டபராவைப் பிடித்த வலது கட்டைவிரலில் ஒரு சுட்ட வடு.

"காபி ஆறிடப்போறது. நான் போட்டது. சுமாராத்தான் இருக்கும்."

பாஷா ஒரு வாய் குடித்தான். "சூப்பரா கீது சாமி." சர்க்கரையே இல்லை. சூடாமணிக்கு அது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் முழுவதும் குடித்தான்.

"முப்பது வருஷமா இனாயத் விறகுதான் இந்த ஆத்துல எரியறது," என்றார் ஸ்ரீவத்சன். "ஈரம் இருந்தா அவனே திருப்பி எடுத்துண்டு போயிடுவான். அவன் போய் பெயிண்டுக் கட்டையைப் போடுவானா? எதையோ மனசுல வச்சுண்டு சொல்றான். நீங்க கண்டுபிடிச்சுடுங்கோ. ஜானுவும் போய், அவனும் ஜெயிலுக்குப் போனா நான் யார் மூஞ்சியைப் பாப்பேன்?"

"அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஏகாதசி. அவளுக்கு மத்தியானம் வரைக்கும் மௌனம். நான் முதல்ல குளிச்சேன். அப்புறம் அவ போனா. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெளில மாடத்துல வச்சுட்டுத்தான் போவா. நான் பேப்பர் படிச்சுண்டிருந்தேன். அரைமணி ஆச்சு. ஸ்லோகம் சொல்லிண்டு மெதுவாக் குளிக்கறான்னு நினைச்சேன். கூப்பிட்டேன், பதில் இல்லே. மௌனம்தானேன்னு..." நிறுத்தினார். "மௌனம்தானேன்னு மறுபடி போய் உக்காந்துட்டேன்."

பாஷா காலி டபராவைத் தரையில் வைத்தான்.

"அப்புறம் இனாயத் விறகு வண்டியோட வந்தான். அவன்தான் கதவை உடைச்சான். முகம் செவசெவன்னு, தூங்கறாப்பல இருந்தா. நான் டாக்டருக்குப் போன் பண்ண எதிராத்துக்கு ஓடினேன். அவ்வளவுதான்."

"இந்த பாய்லர் எப்பவும் இங்கேதான் இருந்ததா?"

"இல்லையே. முப்பத்தேழு வருஷம் முற்றத்துல இருந்தது. ஆகாசம் பாத்த இடம். பக்கத்துல ஃப்ளாட் கட்டினாளோன்னோ, மூணாவது மாடிலேர்ந்து முற்றம் பூரா தெரியறது. ஜானுவுக்குச் சங்கடமா இருந்தது. நாலு மாசம் முன்னாடி உள்ளே கொண்டுவந்தோம். பஞ்சாட்சரம்னு தகர வேலை செய்யறவர் குழாய் போட்டுக் குடுத்தார். அந்தத் தாள்ல இருக்கறது அவர் சொல்லி ஜானு எழுதினது."

"மாமி நிறையப் பேசுவாங்களா, மத்த நாள்ல?"

முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ லேசாக மலர்ந்தது.

"வாயே ஓயாது. காலங்கார்த்தாலே ஆரம்பிச்சுடும். கொஞ்ச நாளா நான் குளிச்சுட்டு இந்தப் படி தாண்டினா, அடுக்களைலேர்ந்து 'மூடலையே'ம்பா. நானும் திரும்பிப் போய்ச் சரி பண்ணிட்டு வருவேன். அது ஆனாத்தான் எனக்குக் காபி."

பாய்லரின் பித்தளைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது. ஒழுகல் குழாய், மறதிக்காரப் புருஷன், கடிந்துகொள்ளும் மனைவி. சூடாமணி அப்படித்தான் மனசில் எழுதிக்கொண்டாள். பாஷா மூக்கில் சாம்பல் ஏறி ஏழு தும்மல் தும்மினான். பேச்சு அங்கே அறுந்தது.

கிளம்பும்போது பாய்லரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றும் வாயில் செப்பு மூடி ஒன்று பளபளவென்று இருந்தது.

* * *

லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் பஞ்சாட்சரத்தின் பட்டறை. வாளி, புனல், கொசுவுக்குப் புகை போடும் சட்டி என்று தகரமாகத் தொங்கியது. மனிதர் கத்தரியை நிறுத்தாமலே பேசினார்.

"போலீஸ் வந்து கேட்டுட்டுப் போய்ட்சு. நான் போட்ட குழாய்ல ஒரு ஊசி ஓட்டை கெடையாது. வேணும்னா தண்ணி ஊத்திப் பாரு."

"குழாய சொல்லலபா," என்றான் பாஷா. "பரீட்சைல நாலாவது கேள்வி அழிஞ்சிபோச்சி. வாத்தியாரு நீதான். சொல்லு."

சூடாமணி தாளைப் பற்றிச் சொன்னாள். கத்தரி நின்றது.

"அந்த வரியத்தான் நான் ரெண்டு வாட்டி சொன்னேன். 'கங்கு இருக்கச்சே குழாயத் தூக்கப்படாது, மூடி போடப்படாது.' ஜானும்மா கையாலயே எழுதிக்கிச்சு."

"மூடியா? தண்ணி ஊத்துற மூடியா?"

"அது இல்லம்மா. தாமிர பாய்லருக்கு ரெண்டு மூடி. ஒண்ணு தண்ணி வாய்க்கு. உள்பக்கம் ஈயம் பூசி வெள்ளையா இருக்கும். இன்னொண்ணு நெருப்புக் குழலுக்கு. அதுக்கு ஈயம் கெடையாது. சூடு பட்டுப் பட்டு உள்ளாற ஊதாவா ஆய்டும். புளி வச்சுத் தேச்சாலும் போவாது."

"நெருப்புக்கு எதுக்கு நைனா மூடி? அதுக்கு இன்னா குளுருமா?"

"தண்ணிக்குக் குளுரும். கட்டை எரிஞ்சு, பொகை அடங்கி, வெறும் கங்கா இருக்கும். அப்ப மேல ஒரு மூடியப் போட்டா சூடு உள்ளயே நிக்கும். அடுத்து குளிக்கறவங்களுக்கு வெந்நீ ஆறாது. அந்தக் காலத்து வூட்ல எல்லாம் இதான் வழக்கம். முற்றத்துல வச்சிருந்தா ஒண்ணும் ஆவாது. ரூம்புக்குள்ள வச்சிட்டு மூடினா?" பஞ்சாட்சரம் ஒரு தகரக் குழலை எடுத்து மேல் வாயை உள்ளங்கையால் பொத்திக் காட்டினார். "மேல போறதுக்கு வழி இல்ல. கீழ் வாயால ரூம்புக்குள்ளதான் வரும். பொகை இருக்காது. நாத்தம் இருக்காது. கண்ணு எரியாது. வெந்நீ சுகத்துல தூக்கம் வராப்ல வரும். பொகைக்குப் பயப்படுறாங்க எல்லாரும். பொகை அடங்கின கங்குதாம்மா ஆளத் தூக்கறது."

சந்தில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"அப்போ அந்த மூடியைப் பரண்ல போட்டிருக்கலாமே?"

"சொன்னேன். அம்மா வூட்டுச் சீரு, பேரு வெட்டி இருக்கு, கண் முன்னாடியே இருக்கட்டும்னுச்சு. பாய்லருக்குப் பக்கத்துல ஆணில மாட்டிச்சு."

ஆட்டோவில் உட்கார்ந்ததும் சூடாமணி சொன்னாள்: "அந்த ஆணியில இன்னிக்குக் கரித்துணி மட்டும்தான் இருந்தது."

"ஒரு மூடி அபேஸ்," என்றான் பாஷா. "அந்தக் காலைல கதவ ஒடச்சப்போ அந்த ரூமுக்குள்ள போனவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் போன் பண்ண ஓடினாரு."

"இன்னொருத்தர்கிட்ட போ."

* * *

இனாயத்தின் விறகுத் தொட்டி மந்தைவெளியில் ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. இருபது நாளாக வியாபாரம் இல்லை. பெரிய தராசின் இரண்டு தட்டும் தரையில் கிடந்தன. 'விஷக்கட்டை' என்று யாரோ கதவில் கரியால் எழுதி, யாரோ அழித்திருந்தார்கள். அழித்தது முழுதாகப் போகவில்லை.

அன்வரி பேகம் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். இனாயத்தின் மனைவி. ஐம்பதுக்கு மேல் வயது. "அவரு தொழுவப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு. தண்ணி குடிங்க."

மூலையில் மண்பானை. அதன் மேல் ஒரு செப்பு மூடி குப்புறக் கவிழாமல் மல்லாந்து கிடந்தது, குமிழ் பானைக்குள், குழிந்த பக்கம் மேலே. அந்தக் குழியில் டம்ளர் நின்றது.

பாஷா அதைப் பார்த்தான். சூடாமணியும் பார்த்தாள். குழிந்த பக்கம் ஊதாவாகக் கருத்திருந்தது.

"நல்ல மூடிம்மா. எங்க வாங்கினீங்க?" என்றான் பாஷா.

"இவரு எடுத்துட்டு வந்தாரு. பழைய சாமான் கடைல கெடச்சுதாம். பாருங்க, எப்படித் தேச்சாலும் இந்தக் கருப்பு போவல."

சூடாமணி டம்ளரை எடுத்து வைத்துவிட்டு மூடியைத் திருப்பினாள். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. 'சௌ. ஜானகி.'

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. இனாயத். ஒல்லியான மனிதர். தோளில் துண்டு. அவர் கண் முதலில் மூடிக்குத்தான் போயிற்று.

"ஜானும்மா குடுத்தாங்க," என்றார்.

"இப்பதான் உங்க வீட்டம்மா கடையில வாங்கினதுன்னு சொன்னாங்க."

"அல்லா," என்றாள் அன்வரி பேகம் மெதுவாக. "என்னங்க இது?"

"இனாயத் பாய்," சூடாமணி குரலைத் தாழ்த்தினாள். "சாம்பலைச் சலிச்சுட்டோம். ஒரு ஆணி இல்லை. நீங்க குடுத்தது நல்ல சவுக்கு. நீங்க உள்ளே போனப்போ குழாய் சுவர்ல சாஞ்சிருந்தது. இந்த மூடி நெருப்பு மேல இருந்தது. சரியா?"

அவர் தராசுத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கதவை உடைச்சிட்டுப் போறேன். ஜானும்மா கீழ. சாமி கத்திக்கினே வெளிய ஓடறாரு. நான் திரும்பறேன், மூடி. கங்கு மேல மூடி. எனக்கு அப்பவே புரிஞ்சிபோச்சி. முப்பது வருசமா அந்த முற்றத்துல பாத்துக்கினு கீறேன். சாமி குளிச்சுட்டு வந்தா, 'ஜானுவுக்கு வெந்நீ ஆறக்கூடாது இனாயத்து'ன்னு சொல்லிக்கினே மூடியப் போடுவாரு. ஆசையாப் போடுவாரு. அவரு கை அன்னிக்கும் போட்டுட்சு."

பாஷா தலையைக் குனிந்துகொண்டான்.

"மூடிய எடுத்துச் சாக்குல சுத்தினேன். குழாய மாட்டினேன். அப்பறம் போலீசு வந்து, 'பாய்லரை கடைசியா யாரு தொட்டது'ன்னு சாமியக் கேக்க ஆரம்பிச்சாங்க. அவரு யோசிக்கறாரு. நெத்தியத் தடவிக்கினு யோசிக்கறாரு. இன்னும் ஒரு நிமிசம் உட்டா நெனப்பு வந்துரும். அதான் நான் முந்திக்கினேன். செட்டுக் கட்டை, பெயிண்டுன்னு வாய்க்கு வந்தது."

அப்போதுதான் சூடாமணியின் காதில் அந்த வார்த்தை மறுபடி ஒலித்தது. மூடலையே.

எத்தனை ஆயிரம் குரல்களைக் கேட்ட காது. எப்படித் தவறவிட்டது? ஒழுகுகிற குழாயைப் பற்றி என்றால் 'மூடினேளா' என்று கேட்பாள். 'மூடலையே' என்று இழுத்து நிறுத்தினால் அது குறை இல்லை, பயம். மூடிவிடவில்லையே என்கிற பயம். முப்பத்தேழு வருஷப் பழக்கம் உள்ள அந்தக் கை தினமும் மூடியைப் போட்டிருக்கிறது. தினமும் அந்த ஒரு வார்த்தை அதைத் திருப்பி எடுக்க வைத்திருக்கிறது. நாலு மாசமாக ஜானு மாமி தன் உயிரைத் தினமும் ஒரே வார்த்தையில் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஏகாதசி அன்று கேட்கவில்லை. கண்ணாடியும் இல்லாமல், ஆவிக்குள் போனாள்.

"தூக்கிப் போட்டிருக்கலாமே பாய் இந்த மூடிய," என்றான் பாஷா.

"பேரு வெட்டி இருக்கே. எங்க போடுவேன்? இவளுக்குப் பொண்ணு பொறந்தப்போ நாப்பது நாளு அந்த பாய்லர்லேர்ந்து வெந்நீ வந்துச்சு எங்க வூட்டுக்கு. ஜானும்மா பித்தள குடத்துல ஊத்திக் குடுப்பாங்க. எம் பொண்ணு அதுலதான் குளிச்சுது." அவர் சூடாமணியைக் கும்பிட்டார். "சாமியாண்ட சொல்லாதீங்கம்மா. நான் ரெண்டு வருசம் போய்ட்டு வந்துருவேன். அவரு இத்தக் கேட்டா ரெண்டு நாளு தாங்க மாட்டாரு."

அன்வரி பேகம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அவருக்கு மனசு ஒடையக் கூடாது. சரி. எனக்கு ஒடையலாமா? ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவள் பானையின் மேல் ஒரு பலகையை எடுத்து வைத்தாள். மூடியைப் பழைய பேப்பரில் சுற்றினாள். சுற்றும்போது அந்தப் பேரின் மேல் ஒரு நொடி கை நின்றது. பிறகு சூடாமணியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

* * *

திரும்பும் வழியில் பாஷா, மாட்டுவண்டி குறுக்கே வந்தபோதுகூடத் திட்டவில்லை.

வீட்டு வாசலில் சூடாமணி பேப்பர் பொட்டலத்தைப் பின்சீட்டிலேயே விட்டு இறங்கினாள். அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் சாவுச் செய்தி போகிற கம்பியை எத்தனையோ தடவை இணைத்துக் கொடுத்தவள்தான். ஒரே ஒரு தடவை, இந்தக் கம்பியை மட்டும் அறுத்துவிடலாம் என்று தோன்றியது.

ஸ்ரீவத்சன் எழுந்து நின்றார். "என்ன ஆச்சு? இனாயத் தப்பு பண்ணலையே?"

"இல்லை சார். அவர் விறகுல ஒரு குறையும் இல்லை. ஆணி இல்லாத சாம்பலே சாட்சி. இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பேசறேன்."

"எனக்குத் தெரியும்," என்றார். கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியும். அப்போ எதனாலே?"

"குழாய்ல கரி அடைச்சிருந்தது. யார் தப்பும் இல்லை."

அவர் யோசித்தார். சர்வே ஆபீஸ்காரர். அளந்து பார்த்துப் பழகியவர்.

"ஏகாதசிக்கு மூணு நாள் முன்னாடி வெள்ளிக்கிழமை. ஜானு குழாயைத் தட்டி ஒரு முறம் கரி எடுத்தாளே. நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் பாஷா.

"மேடம், இத்த வண்டிலயே உட்டுட்டீங்க."

கையில் பொட்டலம். பேப்பர் ஒரு பக்கம் விலகி, செப்பு தெரிந்தது. அவன் மறதியாகக் கொண்டுவந்தானா, அன்வரி பேகத்தின் முகம் மனசில் நின்று கொண்டுவந்தானா, சூடாமணி கேட்கவில்லை. அவனும் சொன்னதில்லை.

ஸ்ரீவத்சன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பேப்பரை உரித்தார். வெட்டிய எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"அட. ஜானு மூடி. இது எங்கே போச்சுன்னு நினைச்சேன்."

கையில் ஒரு சாமான் கிடைத்தால் அதன் இடத்தில் கொண்டுபோய் வைக்கிற மனிதர் அவர். குளியலறைக்குள் போனார். சூடாமணி ஓரடி முன்னால் வைத்தாள். பாஷா அவள் முழங்கையைத் தொட்டான்.

ஸ்ரீவத்சன் மூடியைப் பாய்லரின் தோளில் வைத்துவிட்டு, ஆணியிலிருந்த கரித்துணியை எடுத்தார். நெருப்பு இல்லாத பாய்லர். ஆனாலும் துணியை எடுத்தார். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து, அரைச்சுற்று திருப்பித் தூக்கினார். சுவரில் இருந்த கரிவட்டத்தின் மேலேயே, நூல் பிசகாமல் சாய்த்தார். மூடியைக் குழலின் வாயில் வைத்தார். டிங் என்றது. துணியை ஆணியில் மாட்டினார். எதையும் யோசிக்கவில்லை. கைதான் எல்லாவற்றையும் செய்தது.

வெளியே வந்து படியைத் தாண்டினார். தாண்டியதும் நின்றார்.

முகம் லேசாக அடுக்களைப் பக்கம் திரும்பியது. காது கொடுத்த மாதிரி. அப்படியே காத்துக்கொண்டு நின்றார்.

அடுக்களையில் யாரும் இல்லை.

பாய்லரின் சொட்டு வாளியில் விழுந்தது. இன்னொரு சொட்டு. அவர் திரும்பி மூடியைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த குழாயைப் பார்த்தார். தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"கேக்கலையே," என்றார்.

சூடாமணி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு அவ கேக்கலையே."

கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. பாஷா தண்ணீர் கொண்டுவந்தான், அவர் குடிக்கவில்லை, அவன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஸ்ரீவத்சன் எழுந்து உள்ளே போனார். மூடியை எடுத்தார். குழாயைத் தூக்கிக் குழலில் செருகி, அரைச்சுற்று திருப்பி, ஆட்டிப் பார்த்தார். தினமும் செய்கிற மாதிரியே. சரி பண்ணிவிட்டு, மூடியோடு வந்தார்.

"இனாயத்துக்கு இது தெரியுமோன்னோ?"

சூடாமணி தலையசைத்தாள்.

"தெரிஞ்சுண்டா எழுதிக் குடுத்தான்." மேல்துண்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "போலீஸ் ஸ்டேஷன் எத்தனை மணிக்கு மூடுவா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற பாஷா, அன்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அத்த மூடவே மாட்டாங்க, சாமி."

அவர் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அதை மூடச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.